சாலிம் அலி

சாலிம் அலி (நவம்பர் 12, 1896 - 1987) இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியலாளர். இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளை முறையாகக் கள ஆய்வு செய்து, அவற்றைப் பற்றி அறிஞர்களுக்கும் பொதுமக்களுக்கும் பயன்படும் நூல்களை எழுதியவர். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டவர். இந்தியாவின் பறவை மனிதர் என்று பரவலாக அழைக்கப்படுகிறார்.

இவர் எழுதிய நூல்களை அறிந்த அளவுக்கு, பறவைகளின் வலசை பற்றி இவர் தலைமையில் நடந்த ஆய்வுகளைப் பலர் அறிவதில்லை. பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் அணிவித்து, மீண்டும் பறக்கவிடும் பணியை இந்தியாவில் பெரிய அளவில் நடத்தியவர் இவரே. அப்பணியின் முக்கியக் களங்களுள் ஒன்று, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கிழக்கு முனையாக இருந்த கோடியக்கரை ஆகும்.

பிறப்பும் இளமையும்

சாலிம் அலி மும்பையில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தை மொய்சுதீனையும், மூன்று வயதில் தாய் சீனத்துன்னிசாவையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி அமீதா பேகமும் இக்குழந்தைகளை மும்பையின் கேத்வாடிப் பகுதியில் வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு மாமன் முறை ஆவார்.

மாமன் அமீருதீன் வேட்டையில் ஆர்வம் கொண்டவர். சிறுவன் சாலிமுக்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதனால் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவிகளுள் ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது எந்தக் குருவி என்று மாமனுக்கும் தெரியவில்லை. எனவே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்டிடம் சிறுவனை அனுப்பிவைத்தார். 1883-இல் நிறுவப்பட்ட அக்கழகத்தில் அக்காலத்தில் பெரும்பாலும் ஐரோப்பியர்களே உறுப்பினர்களாக இருந்தனர்.

மில்லார்டு அப்பறவையை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் கண்டு சொன்னார். பின்னர் கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைச் சிறுவனுக்குக் காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். தம் வாழ்க்கையின் திசையை மாற்றிய நிகழ்ச்சியாக இதனைச் சாலிம் அலி கருதினார். 1985-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கும் அக்குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார்.

கல்வியும் பர்மா வாழ்க்கையும்

பள்ளிப் பருவத்தில் இவர் அடிக்கடி தலைவலியால் அவதிப்பட்டார். உலர்ந்த காற்று நலம் தரும் என்று கருதிச் சிலகாலம் சிந்துப் பகுதியில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1913-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வில் ஒருவாறு தேறினார். தூய சேவியர் கல்லூரியில் சேர்ந்தும் முதலாண்டைத் தாண்டிப் படிப்பைத் தொடரவில்லை.

அதன்பின் பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்தினர் நடத்திவந்த சுரங்கம், மரத் தொழில்களைக் கவனிக்கச் சென்றார். தொழிலைவிட அங்கிருந்த காடுகளும் பறவைகளுமே இவரை ஈர்த்தன. 1917-இல் மும்பை திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். தூய சேவியர் கல்லூரியின் பாதிரியார் எத்தல்பெர்ட் பிளாட்டரின் ஊக்கத்தால் அதே காலத்தில் விலங்கியல் வகுப்புகளுக்கும் சென்றார். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறவில்லை. 1918 டிசம்பரில் உறவுப் பெண்ணான தெகமினாவை மணந்தார். மீண்டும் சில ஆண்டுகள் பர்மாவில் இருந்தபின் மும்பைக்கே திரும்பினார்.

அருங்காட்சியகப் பணி

பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலாளர் பணி இவருக்குக் கிடைக்கவில்லை. 1926-இல் மும்பை வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 350 ரூபாய். முறையான பயிற்சி இன்றி இத்துறையில் மேலே செல்ல இயலாது என்பதை உணர்ந்து, 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்றார்.

ஜெர்மனியில் பயிற்சி

பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் சிட்ரெசுமான் என்ற பறவையியலாளரிடம் சாலிம் அலி பயின்றார். தம் ஆசான் என இவர் கடைசிவரை போற்றியது அவரையே ஆகும். எர்ன்சுட்டு மாயர், பெர்னார்டு ரென்சு, ஆசுக்கர் ஐன்ராத்து முதலிய அறிஞர்களின் அறிமுகமும் அங்கே கிடைத்தது. அப்போது பெர்லினில் வாழ்ந்துவந்த விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளையையும் சந்தித்தார்.

இக்காலத்தில் இவர் வடகடலில் உள்ள எலிகோலாந்து தீவின் பறவை நோக்ககத்துக்கும் சென்றார். எலிகோலாந்து மிகச் சிறிய பாறைத் தீவு. வசந்த காலத்தில் வடக்கு நோக்கியும் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கியும் கடலைக் கடக்கும் பறவைகள், இளைப்பாற வேறு நிலம் இன்மையால் அத்தீவில் கூட்டமாக இறங்குகின்றன. அங்கே புதர்களைச் சுற்றி அமைத்த புனல் வடிவக் கூண்டுகளில் அவற்றைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தனர். இவ்வகைக் கூண்டு இன்றும் அத்தீவின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வளையமிடுதலில் சாலிம் அலி நேரடிப் பயிற்சி பெற்றது இங்குதான். நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் பறவைகள் குவியும் என்ற பாடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவருக்குப் பயன்பட்டது.

கிகிமும் தூக்கணாங்குருவியும்

1930-இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அருங்காட்சியகத்தில் இவர் வகித்த பதவி நீக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியில் பயின்றவர் என்ற பெருமை வேலை எதையும் தேடித் தரவில்லை. மும்பைக்கு அருகில் உள்ள கிகிம் என்ற கடலோரச் சிற்றூரில் மனைவியுடன் குடியேறினார்.

வீட்டுக்கு அருகில் இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. வேலை இல்லாத அம்மழைக்காலத்தில் இவர் நாள்தோறும் அவற்றைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து ஆராய்ந்து, பிடித்திருந்தால் ஏற்கும். அதன்பின் கூட்டைக் கட்டி முடிக்கும் ஆண் குருவி, வேறு பெண் குருவிக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இதனை விளக்கி இவர் எழுதிய கட்டுரை பறவையியல் உலகில் இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. நெல்வயல் ஓரங்களில் எல்லாரும் பார்த்துப் பழகிய ஒரு குருவியைப் பற்றி, பொறுமையாக நோக்கினால் புதிய செய்தி கிடைக்கும் என்பதை அக்கட்டுரை காட்டியது.

சமத்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு

இதன்பின் சாலிம் அலி சமத்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க முன்வந்தார். தமக்கு ஊதியம் வேண்டாம், கள ஆய்வுச் செலவை ஏற்றால் போதும் என்பது இவருடைய ஏற்பாடு. ஐதராபாத்து, திருவாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் முதலிய பகுதிகளில் இவ்வாறு ஆய்வு நடந்தது. இங்கிலாந்தில் இருந்த இயூ விசிலர் இவ்வாய்வுகளுக்கு உறுதுணையாக இருந்தார். காட்டு முகாம்களை நிருவகிக்கும் பொறுப்பைத் தெகமினா ஏற்றிருந்தார். 1939-இல் சிறிய அறுவை சிகிச்சை ஒன்றுக்குப்பின் தெகமினா இறந்தது இவருக்குப் பேரிழப்பாயிற்று. அதன்பின் தமக்கையின் குடும்பத்தோடு வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அக்காலப் பறவையியலில் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து ஒப்பிடுவதே இனங்களைப் பிரித்தறியும் வழியாக இருந்தது. சாலிம் அலியும் அவ்வாறே மாதிரிகளைச் சேகரித்தார். ஆயினும் தேவைக்கு மேல் சுடுவதை விரும்பவில்லை. உயிருள்ள பறவை எங்கே, எப்படி வாழ்கிறது என்பதிலேயே இவருடைய ஆர்வம் மிகுந்திருந்தது.

இந்தியா விடுதலை பெற்றபின் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. பிரதமர் நேருவுக்குச் சாலிம் அலி கடிதம் எழுதி அரசு உதவி பெற்று, கழகம் தொடர்ந்து இயங்க வழி செய்தார்.

பறவைகளுக்கு வளையமிடல்

பறவைகளின் வலசையை அறிய எளிய உலோக வளையம் பயன்படும் என்பதை 1899-இல் டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் மார்ட்டென்சன் முறையாகச் செய்து காட்டினார். அவர் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை அணிவித்தார். இந்தியாவில் மும்பைக் கழகம் 1920களின் பிற்பகுதியில் தார் சமத்தான மன்னரின் ஆதரவோடு வாத்துகளுக்கு வளையமிட்டது. ஆனால் அது சிறிய முயற்சியாகவே இருந்தது.

இம்முறையில் பறவைகள் மெல்லிய நூலால் ஆன வலைகளில் பிடிக்கப்படுகின்றன. கரைப்பறவைகளை நிலவில்லா இரவுகளில் பிடிப்பது எளிது. நிலவொளியில் வலை பறவையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிடித்த பறவையின் இனம், வயது, இறக்கை நீளம், அலகு நீளம், எடை, இறகு உதிரும் நிலை ஆகியன குறிக்கப்படும். பின்னர் தனி எண் கொண்ட வளையம் காலில் அணிவிக்கப்பட்டு, பறவை சில நிமிடங்களில் விடுவிக்கப்படும். அப்பறவை வேறோர் இடத்தில் மீண்டும் பிடிபட்டாலோ, இறந்து கிடந்தாலோ, வளையத்தில் உள்ள முகவரிக்குச் செய்தி வரும். வளையமிடப்பட்ட பறவைகளில் மிகச் சிலவற்றைப் பற்றியே இவ்வாறு செய்தி கிடைக்கிறது. எனவே ஆயிரக்கணக்கில் வளையமிட்டு, பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் பயன் உண்டு.

எடையைக் குறிப்பதற்கும் காரணம் உண்டு. நெடுந்தொலைவு பறக்கும் கரைப்பறவைகள் புறப்படுவதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் ஒரே இனப் பறவையின் எடை எவ்வாறு ஏறுகிறது என்பதைக் கொண்டு, அது புறப்படும் காலத்தையும் இடைநில்லாமல் பறக்கக்கூடிய தொலைவையும் மதிப்பிட முடிகிறது. போதிய உணவு கிடைக்காத சதுப்பில் தங்கிய பறவை உரிய எடையை அடைய முடியாது. ஆகவே பறவையின் எடை, நிலத்தின் நலத்தையும் காட்டும் அளவுகோல் எனலாம்.

வலசை ஆய்வுத் திட்டம்

1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்தன. மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. இதற்குக் காரணமான தீநுண்மம், உருசியாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சலின் தீநுண்மத்தோடு உறவுடையது எனத் தெரிந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்கக்கூடுமோ என்ற ஐயம் எழுந்தது.

இதனை ஆராய உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு மும்பைக் கழகத்தின் வலசை ஆய்வுத் திட்டம் 1959-இல் தொடங்கியது. சாலிம் அலி தலைமை ஏற்றார். கச்சு, பரத்பூர் முதலிய இடங்களில் முகாம்கள் நடந்தன. வலை விரிக்கும் பணியில், பீகாரின் மீர்சிகார் எனப்படும் பாரம்பரியப் பறவை பிடிப்போரின் திறமை பெரிதும் பயன்பட்டது. பறவையைக் காயமின்றிப் பிடிக்கும் அவர்களின் கைப்பழக்கம், விற்பனைக்காக அன்றி ஆய்வுக்காகப் பயன்பட்டமை குறிப்பிடத்தக்கது. கியாசனூர்க் காய்ச்சல் உள்ளூர்க் காட்டு உண்ணிகளாலும் குரங்குகள் முதலிய விலங்குகளாலும் நிலைபெறும் நோய் என்பது ஆய்வுகளால் தெளிவாயிற்று. நோயைப் பற்றிய ஐயத்தில் தொடங்கிய திட்டம், வலசையைப் பற்றிய அறிவைத் தந்தது.

கோடியக்கரை

கோடியக்கரை, வங்கக்கடலும் பாக்கு நீரிணையும் சேரும் முனையில் அமைந்துள்ளது. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தைப் படித்தோர் கோடிக்கரை என்ற பெயரை அறிவர். முனையில் உலர் பசுமைமாறாக் காடும், வெளிமான்கள் மேயும் புல்வெளியும் உள்ளன. மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பும், அதனைத் தொடர்ந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் பரந்துள்ளன.

இச்சதுப்பு காவிரிப் படுகையின் கடைமடையில் உள்ளது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு ஆகிய கிளைகள் நெல்வயல்களில் பாய்ந்து, எஞ்சிய நீரை முத்துப்பேட்டைக் காயலில் சேர்க்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் பெருஞ்சதுப்பு நிரம்பி, கோடையில் வற்றுகிறது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் விகிதத்தைப் பொறுத்து இறால், புழு, பூச்சி ஆகியவற்றின் அளவு மாறும். நீரின் ஆழத்தைப் பொறுத்து இரை தேடும் பறவையும் மாறும். நீண்ட காலுடைய பூநாரை ஆழமான நீரிலும், கொசு உள்ளான் போன்ற சிறிய பறவைகள் ஈரச் சேற்றிலும் மேய்கின்றன. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வயலோடு சதுப்பும் பாதிக்கப்படும்.

ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் வடக்கிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வரத் தொடங்கும். இவற்றில் வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான் ஆகியன ஆர்க்டிக் பகுதித் தூந்திர நிலத்தில் குஞ்சு பொரிப்பவை. தோட்டக்கள்ளன் முதலிய காட்டுப் பறவைகள் கோடியக்கரைக் காட்டில் தங்கி இளைப்பாறி, பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் செல்கின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் திரும்பும் வலசை நடைபெறும். அப்போது வளைமூக்கு உள்ளானின் சாம்பல் நிற உடல் செங்கல் நிறமாக மாறியிருக்கும். முதலாண்டுப் பறவைகள் சில வடக்கே செல்லாமல் கோடையையும் இங்கேயே கழிப்பதுண்டு.

1960களின் தொடக்கத்தில் கோடியக்கரையின் சிறப்பைச் சாலிம் அலி உணர்ந்து, அதனைப் பாதுகாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். எலிகோலாந்தைப் போலவே இங்கும் நிலம் முடிகிறது, கடலைக் கடக்கும் பறவைகள் குவிகின்றன. கூடுதலாக, அவை பல மாதங்கள் தங்கி உண்ணப் பெரும் சதுப்பும் உள்ளது. மும்பைக் கழகம் இங்கே வளையமிடும் முகாம்களை நடத்தியது. 1967-இல் தமிழ்நாடு அரசு கோடியக்கரையைக் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவித்தது.

இப்பகுதி உப்புக்கும் பெயர் பெற்றது. 1930-இல் இராசாசி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது வேதாரண்யத்தில்தான். அதே ஆண்டு காந்தியடிகள் கைதானபின், குசராத்தின் தாராசனா உப்புப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றுக் கைதானவர் சாலிம் அலியின் உறவினரான அப்பாஸ் தயாப்ஜி ஆவார். பிற்காலத்தில் பெருஞ்சதுப்பின் ஓரங்களில் தொழில்முறை உப்பளங்கள் விரிவடைந்தபோது, பறவைகளுக்கான நிலமும் உப்புக்கான நிலமும் ஒன்றாக இருப்பது சிக்கலாயிற்று.

எழுந்த சர்ச்சை

1960களில் வலசை ஆய்வுத் திட்டத்துக்கு அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுப் பிரிவு ஒன்று நிதி வழங்கியது. பாங்காக்கிலிருந்து எலியட் மெக்ளூர் என்பவர் ஒருங்கிணைத்த அத்திட்டம், ஆசிய நாடுகள் பலவற்றில் பறவைகளுக்கு வளையமிட்டு, அவை சுமக்கும் நோய்க்கிருமிகளை ஆராய்ந்தது. 1970களில் இந்திய நாளேடுகளிலும் நாடாளுமன்றத்திலும் இதுபற்றிக் கேள்விகள் எழுந்தன. பறவைகள் மூலம் நோய் பரப்பும் போர்முறைக்கு இத்தகவல்கள் பயன்படக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இத்திட்டத்தையும், தில்லியில் நடந்த கொசுக் கட்டுப்பாட்டு ஆய்வு உள்ளிட்ட வேறு சில அயல்நாட்டு நிதித் திட்டங்களையும் ஆராய்ந்து கண்டித்தது.

போர்முறை பற்றிய குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அயல்நாட்டுப் படையின் நிதியை அறிவியல் நிறுவனம் ஏற்கலாமா என்ற கேள்வி நியாயமானதே என்று கருதியோரும் உண்டு. இந்திய நிறுவனங்களில் களப் பறவையியலுக்குப் போதிய நிதி இல்லாத நிலையே இத்தகைய சிக்கலுக்கு இடம் தந்தது.

வலசை ஆய்வு 1980-இல் புதிய திட்டமாக மீண்டும் தொடங்கியது. அப்போது சாலிம் அலிக்கு வயது எண்பதுக்கு மேல். அமெரிக்க மீன், காட்டுயிர்த் துறையின் உதவியோடு நடந்த இத்திட்டத்தில் பரத்பூரும் கோடியக்கரையும் முதன்மைக் களங்களாக இருந்தன. கழகத்தின் ஆய்வாளர்கள் கோடியக்கரையிலேயே தங்கி, ஆண்டு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுத்தனர், வளையமிட்டனர். உலகில் மிக அரிதான கரண்டிமூக்கு உள்ளான் இங்கே பதிவானது இக்காலத்தில்தான்.

நூல்கள்

சாலிம் அலி ஆங்கிலத்தில் எழுதிய நூல்களுள் முக்கியமானவை (பெயர்கள் தமிழில் தரப்பட்டுள்ளன):

- இந்தியப் பறவைகள் நூல் (1941)
- கச்சுப் பறவைகள் (1945)
- இந்திய மலைப் பறவைகள் (1949)
- திருவாங்கூர், கொச்சிப் பறவைகள் (1953)
- சிக்கிம் பறவைகள் (1962)
- இந்திய, பாகிசுத்தான் பறவைகள் கையேடு (பத்துத் தொகுதிகள், தில்லான் ரிப்ளியுடன் இணைந்து எழுதியது, 1974-இல் நிறைவுற்றது)
- ஒரு குருவியின் வீழ்ச்சி (தன்வரலாறு, 1985)

1941-இல் வெளிவந்த நூல், வண்ணப் படங்களோடு பொதுமக்களும் பறவைகளை அடையாளம் காண உதவியது. பத்துத் தொகுதிக் கையேடு துணைக்கண்டப் பறவையியலின் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது.

விருதுகளும் பாதுகாப்புப் பணியும்

இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் (1958), பத்ம விபூசண் (1976) விருதுகளை வழங்கியது. 1967-இல் பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். பிரித்தானியர் அல்லாதார் ஒருவர் அப்பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல்முறை. 1976-இல் பால் கெட்டி காட்டுயிர்ப் பாதுகாப்புப் பரிசாகப் பெற்ற 50,000 டாலரைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்பு நிதியம் ஒன்று நிறுவப்பட்டது. அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் பணி மறுக்கப்பட்டவர் இவர் என்பது நினைவுகூரத்தக்கது.

பரத்பூர்ப் பறவைப் புகலிடத்தைக் காப்பதிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்காமல் தடுப்பதிலும் இவருடைய குரலுக்குப் பங்கு உண்டு.

மறைவும் தொடர்ச்சியும்

சாலிம் அலி நெடுநாள் புற்றுநோயோடு போராடி, 1987-இல் மும்பையில் தம் 90-ஆம் வயதில் காலமானார். இவர் நினைவாக 1990-இல் கோயம்புத்தூரில் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் தொடங்கப்பட்டது. 1948-இல் தமிழ்நாட்டின் மேகமலையில் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், 1972-இல் புதிய இனமாக விளக்கப்பட்டபோது இவர் பெயர் பெற்றது. 2016-இல் விளக்கப்பட்ட இமயமலைப் பறவை ஒன்றின் அறிவியல் பெயரிலும் இவர் பெயர் உள்ளது.

கோடியக்கரைப் புகலிடம் 1988-இல் வேதாரண்யம் பெருஞ்சதுப்பையும் தலைஞாயிறு காப்புக் காட்டையும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. 2002-இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வேற்பைப் பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும், 2018 நவம்பரில் கசா புயலும் இக்கரையைத் தாக்கின. புயலில் காட்டு மரங்கள் சாய்ந்தன, பறவைகளும் மான்களும் மடிந்தன.

1980களில் தொடங்கிய கணக்கெடுப்போடு ஒப்பிடும்போது, கோடியக்கரைக்கு வரும் கரைப்பறவைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துள்ளது. நன்னீர் வரத்துக் குறைவு, சதுப்பின் உப்புத்தன்மை மாற்றம், உப்பளங்களின் விரிவு, சீமைக்கருவேலப் பரவல் ஆகியன காரணங்களாகக் கருதப்படுகின்றன. பறவைகள் செல்லும் வழியில் உள்ள பிற நாட்டுச் சதுப்புகளின் அழிவுக்கும் இதில் பங்கு இருக்கலாம். கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலக அளவிலேயே அற்றுப்போகும் நிலையில் உள்ளது.

இக்குறைவு வெறும் நினைவாக அன்றி எண்ணாகவும் தெரிவதற்கு, ஒவ்வோர் இரவும் பிடித்த பறவைகளைப் பதிவேட்டில் எழுதிவைத்த அப்பணியே காரணம். மும்பைக் கழகத்தின் வளையமிடும் பணி கோடியக்கரையில் சாலிம் அலியின் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்தது. காலில் வளையத்தோடு உள்ள பறவையைக் காண்போர், அவ்வெண்ணையும் கண்ட நாளையும் இடத்தையும் குறித்துக் கழகத்துக்குத் தெரிவித்தால், அதுவும் அப்பதிவேட்டில் ஒரு வரியாகச் சேரும்.